விழுங்கல் விழா

"முழுங்கிடாதே! முழுங்கிடாதேடா! அம்மா அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க!"

தொப்பி வார்டர் கத்திய கத்தலில் பாபினின் தொண்டைக்குழி பாதியில் நின்றது. வாயில் மாத்திரை. கையில் சிவப்புப் பெயின்ட் அடித்த டம்ளர். மூன்றாம் தொகுதி வராந்தாவில், சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே, சிரித்த முகத்தோடு அவன் தன் எச்.ஐ.வி. மாத்திரையை விழுங்க வேண்டும். அதைத் தலைமை விருந்தினர் கண்ணாரக் காண வேண்டும் என்பது ஏற்பாடு. சிறைக்கு யார் வந்தாலும் இந்த விழுங்கல் உண்டு. நேற்றே ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் இன்று வந்த அம்மையார் ஏற்பாட்டுக்குள் அடங்குகிற ரகமாக இல்லை. ரொட்டி வாசனை மூக்கில் ஏறியதும், வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடப்பக்கம் திரும்பி, சிறையின் அடுமனைக்குள் நுழைந்துவிட்டார்.

"ஓடு! பின்வாசல் வழியா ஓடு! அங்க போய் முழுங்கு!"

பாபின் ஓடினான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். தொழில், தையல். கைராசிக்காரன். அந்தக் கைராசிதான் உள்ளே தள்ளியது. போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உடுப்பு தைக்கக் கொடுத்தான். பாபின் தைத்தான். அதை மாட்டிக்கொண்டு அவன் நகைக்கடை நகைக்கடையாகச் சோதனை போட்டான். பிடிபட்டதும், உடுப்பைப் போட்டவனுக்கு ஜாமீன் கிடைத்தது. தைத்தவனுக்குத் தண்டனை கிடைத்தது. 'உடுப்பு இவ்வளவு கச்சிதமாக இல்லாதிருந்தால் கடைக்காரர்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்' என்று தீர்ப்பில் இருந்தது. தன் தையலுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்பான் பாபின்.

கன்னத்தில் ஒரு கொத்துக் குண்டூசியை அடக்கிக்கொண்டே வாடிக்கையாளரிடம் "இடுப்பு ஏறிப்போச்சு, சாப்பாட்டைக் கொறைங்க" என்று தெள்ளத் தெளிவாகப் பேசக்கூடியவன் அவன். ஒற்றை மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவது அவனுக்கு ஒரு பொருட்டா? ஆனால் குண்டூசி கரையாது. மாத்திரை கரையும்.

"சார், கசப்பு இறங்குது சார்! கரைஞ்சிடும்!"

"கரைஞ்சா கரையட்டும். வாயை மூடிட்டு ஓடு!"

"ஒரு நாளைக்கு ஒண்ணுதானே சார்? கரைஞ்சா வேற தருவீங்களா?"

"தலைமை விருந்தினரும் எங்களுக்கு ஒண்ணேதான்டா! இவங்க போனா வேற யாராவது தருவாங்களா?"

அடுமனையில் அம்மையார் பாதி ரொட்டியை மென்றபடி நின்றிருந்தார். சிறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் பணிவாகக் குனிந்திருந்தார். சிறை டாக்டர் மாவு மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், கையுறை, முகத்தில் கைக்குட்டை, கையில் டார்ச் சகிதம், தொலைவில் நின்றிருந்தார்.

"இவன்தான் அம்மா எங்க முன்மாதிரி நோயாளி" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்படியா? பார்த்தா நோயாளி மாதிரியே இல்லையே!"

"அதுதாம்மா எங்க சாதனை!"

பாபின் டம்ளரை உயர்த்தினான். தண்ணீர் குடித்தான். தொண்டைக்குழி ஒரு முறை ஏறி இறங்கியது. டாக்டர் மாவு மூட்டைக்கு மேலாக டார்ச்சை நீட்டினார்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. ஆங்… விழுங்கியாச்சு!" என்று அறிவித்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பினார். "எச்.ஐ.வி. நோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்பது எங்கள் கொள்கை. தொட்டால் பரவாது, பக்கத்தில் நின்றால் பரவாது. இதைத்தான் நான் தினமும் தூரத்தில் நின்று இவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்."

அவர் நின்ற தூரத்திலிருந்து டார்ச் அடித்தால் திறந்திருப்பது வாய் என்பது தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது.

தொப்பி வார்டர் தொப்பியைக் கழற்றினார். அடுமனைக் கைதிகள் படபடவென்று கைதட்டினார்கள். தொப்பி கழன்றால் கைதட்டு, தொப்பி ஏறினால் நிறுத்து. அந்தச் சிறையில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த சட்டம் அது ஒன்றுதான். அம்மையார் நெகிழ்ந்துபோய் ஒரு ரொட்டியை எடுத்துப் பாபினிடம் அன்போடு நீட்டினார். இடுக்கியால்.

"இன்னொரு தடவை முழுங்கச் சொல்லுங்க. கேமரா ஆன் ஆகல" என்றார் படம் எடுப்பவர்.

பாபின் கால் மாற்றிக் கால் நின்றான். "சார், டம்ளரைக் கழுவக் குடுத்துட்டு வந்துடறேன் சார்."

"பார்த்தீங்களாம்மா? என்ன ஒழுக்கம்!" என்று பூரித்தார் கண்காணிப்பாளர். அவன் எச்சில் டம்ளரை அங்கே வேறு எவனும் கையால் தொட மாட்டான். எனவே அவனே கொண்டுபோய்ச் சமையற்கட்டில் கொடுத்தாக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

சமையற்கட்டில் வாங்கி வைப்பதற்கும் ஒரே ஒரு ஆள்தான். அவனுக்குப் பெயர் கரண்டி.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

"விருந்தாளிக்கு ரொட்டி வாசனை புடிச்சிடுச்சு."

கரண்டி ஒரு ஓட்டல் சமையல்காரன். முதலாளி குடித்துவிட்டு ஒருவன்மேல் காரை ஏற்றியபோது, ஓட்டியவன் நான்தான் என்று ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தவன். குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், தூரத்திலிருந்து. "அடுத்தவன் இடத்துல போய் உட்கார்றதே எனக்குப் பொழப்பாப் போச்சு" என்று கரண்டி தன்னைத் தானே கேலி செய்துகொள்வான். சிவப்பு டம்ளரை வாங்கி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். பாபினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தச் சிறையில் எச்.ஐ.வி.யைவிட வேகமாகப் பரவியது ரகசியம்.

நோய் யாருக்கு என்பது வெளியே தெரியக் கூடாது என்று மேலிடம் உத்தரவிட்டதும், கண்காணிப்பாளர் தலைமையில் ரகசியக் காப்புக் குழு அமைந்தது. குழு கூடிக் கூடிப் பேசி ஒரு கறுப்புத் திரையைக் கண்டுபிடித்தது. திரையில் தோள் உயரத்தில் ஒரு ஓட்டை. திரைக்கு அந்தப் பக்கம் ரத்தம் எடுப்பவர். இந்தப் பக்கம் கைதி. ஓட்டைக்குள் கையை மட்டும் நீட்ட வேண்டும். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. வார்டர்களும் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வருகிற கை யாருடையது என்று தெரிய வேண்டுமே? அதற்காகத் தொப்பி வார்டர், சுவரைப் பார்த்தபடியே, ஒலிபெருக்கியில் ஒவ்வொருவரின் பெயரையும் தொகுதியையும் வழக்கையும் சிறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

முடிவுகளையும் ரகசியமாகவே அறிவித்தார்கள். நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பு டம்ளர் கொடுத்தார்கள். யாரும் யாரையும் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

கை நீட்டியவனுக்கெல்லாம் அன்று ஒரு அவித்த முட்டை. அத்தனை முட்டையையும் வேகவைத்தவன் கரண்டி. ஆனால் சோதனைக்கு வந்தவர்களுக்குத்தான் முட்டை. சமையற்கட்டு ஆட்களுக்குச் சோதனை கிடையாது. "அவிக்கிறவன் நான், திங்கிறவன் ஊரானா? நல்லா இருக்குடா உங்க நியாயம்!" என்று கரண்டி அன்று முழுக்க அடுப்போடு சண்டை போட்டான்.

சில நாள் கழித்துப் பாபினின் கையில் சிவப்பு டம்ளர் வந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கரண்டியைத் தேடிப் போனான். இருவரும் விறகு அடுக்கின் மறைவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஒருவன், "கரண்டி அழுதான், பாபின் அழல" என்று பிற்பாடு சொன்னான். நண்பனுக்கு இப்படி ஆயிற்றே என்று அழுதிருப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

மறுநாள் மைதானத்தில், எல்லோர் முன்னிலையிலும், டாக்டர் அவனுக்குத் தனி ஆலோசனை வழங்கினார்.

"பயப்படாதே. இப்ப நல்ல மாத்திரை இருக்கு. தெனம் ஒண்ணு. ஒரு நாள் தவறக் கூடாது. தவறாம இருந்தா எல்லாரையும் மாதிரி கிழவனாகிச் சாகலாம். விட்டா…"

டாக்டர் கையை ஆட்டிக் காட்டினார். ஈ ஓட்டுவது போன்ற சின்ன அசைவு. அது பாபினின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"சார், டெஸ்ட்டு தப்பா இருக்குமா சார்?"

"ரகசியமா எடுத்த டெஸ்ட்டு எப்படிடா தப்பாகும்? ஆள்மாறாட்டம் பண்ணியிருந்தாத்தான் தப்பாகும். பண்ணியிருந்தா அது புதுக் கேஸு. தனிக்கொட்டடி. மாத்திரையும் கட். பண்ணினியா?"

"இல்ல சார்."

"அப்ப நோய் இருக்கு. சந்தோஷமாப் போ."

"சமையக்கட்டு ஆளுங்களுக்கும் ஒரு தடவை பார்த்துட்டா நல்லது இல்லீங்களா?"

டாக்டர் பொறுமையான மனிதர். விளக்கினார். "நோய் இருக்கிறவன் சமையக்கட்டுல இருக்கக் கூடாதுங்கறது விதி. அவங்க சமையக்கட்டுல இருக்காங்க. அப்ப நோய் இல்லைன்னுதானே அர்த்தம்? இல்லாத நோய்க்கு எதுக்குடா டெஸ்ட்டு? அரசாங்கப் பணம் என்ன தண்ணியா?"

அன்றிலிருந்து பாபின் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த அன்றும் போர்வையோடு எழுந்து வந்து டம்ளரைத் தூக்கினான்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் திரை இல்லை. திரைத்துணியைக் கண்காணிப்பாளர் தன் காருக்கு உறை தைக்கச் சொல்லிப் பாபினிடமே கொடுத்திருந்தார். ஊசியைக் கண்டதும் பாபின் மயங்கி விழுந்தான். பொழுது விடிந்தால் ஊசியோடு புழங்குகிறவன் ஊசிக்கு மயங்குவதா என்று வார்டர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மயக்கத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் கண்காணிப்பாளரின் அறைக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

வைரஸ் கண்டறியப்படவில்லை. தேடிப் பார்த்தார்கள், இல்லை. இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு சுத்தமாக எங்கேயும் எந்த நோயாளிக்கும் ஆனதில்லை. "இது மாத்திரையின் வெற்றி அல்ல, நிர்வாகத்தின் வெற்றி!" என்றார் கண்காணிப்பாளர், உடனே கூட்டிய கூட்டத்தில். தொப்பி கழன்றது.

அதன்பின் வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அதிகாரிகள், ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனத்தார். மாத்திரை வரத்து நின்றுபோன வாரங்களில் மற்ற சிவப்பு டம்ளர்களுக்கு 'நம்பிக்கையே மருந்து' என்ற வகுப்பு நடந்தது. வகுப்பிலேயே இரண்டு பேர் சாய்ந்தார்கள். 'கவனக்குறைவு' என்று குறித்துக்கொண்டார்கள். பாபினுக்கு மட்டும் மாத்திரை தவறவே இல்லை. அவனைப் பார்க்க வருகிறவர்கள் தவறாததால்.

ஒரே ஒரு விஷயம்தான் யாருக்கும் விளங்கவில்லை. மாத்திரை தின்றவன் கவலையில் மெலிந்துகொண்டே போனான். இருமிக்கொண்டு கிடந்த கரண்டியோ இருமல் நின்று, கன்னம் உப்பி, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். "எங்க சிறைச் சாப்பாட்டின் தரம்!" என்று கண்காணிப்பாளர் அவனையும் விருந்தினர்களுக்குக் காட்ட ஆரம்பித்தார்.

ரொட்டி அம்மையார் வந்துபோன பிறகு விருது அறிவிப்பானது. விருதோடு ஒரு யோசனையும் வந்தது: உள்ளே கவனித்தது போதாது, விடுதலைக்குப் பிறகும் கவனித்துக் காட்ட வேண்டும். அதற்கு விடுதலையாக ஒரு நோயாளி வேண்டுமே?

"உனக்கு அதிர்ஷ்டம்டா!" என்றார் கண்காணிப்பாளர். "மிச்சத் தண்டனை ரத்து. நன்னோயாளி விடுதலை!"

பாபின் அவர் காலில் விழுந்தான். நன்றி சொல்லத்தான் விழுகிறான் என்று அவரும் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார்.

"சார், என்னை வெளிய விடாதீங்க சார்! முழுத் தண்டனையும் இருந்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துக்கூடக் குடுங்க!"

உயர்த்திய கை நடுவானில் நின்றது.

"மாத்திரை நின்னுடும்னு பயப்படறியா? பைத்தியக்காரா! வீடு தேடி வரும்டா. நீ முழுங்கறதைப் பார்க்கத் தெனமும் ஒரு சாட்சி அம்மா வருவாங்க. விட மாட்டோம் உன்னை!"

"அது இல்ல சார்…"

"பின்ன என்ன?"

பாபின் வாயைத் திறந்தான். தனிக்கொட்டடி, மாத்திரை கட், டாக்டரின் ஈ ஓட்டும் கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. வாயை மூடிக்கொண்டான்.

அன்று பிற்பகல் தொப்பி வார்டரின் தலையில் ஒரு குண்டான் கஞ்சியைக் கவிழ்த்தான். 'மருந்தின் பக்கவிளைவு' என்று எழுதி மன்னித்தார்கள். மறுநாள் தையற்கூடத்து மெஷினை உடைத்தான். 'விடுதலை மகிழ்ச்சி' என்றார்கள். கடைசியில் கண்காணிப்பாளரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவர் கண் கலங்கி, "எவ்வளவு உரிமை பாருங்க!" என்று டாக்டரிடம் சொன்னார். முன்மாதிரி நோயாளி எந்தத் தப்பும் செய்ய முடியாத நிலையை எட்டியிருந்தான்.

"என் மாத்திரையை இங்கயே தெனம் யாருக்காச்சும் குடுத்துடுங்க சார். எனக்கு வேணாம்" என்று டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் குடுக்கறதா? மருத்துவ ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குடா!"

விடுதலை விழா வாசலில் நடந்தது. ரிப்பன் கட்டி, கதவு திறந்து, அவன் வெளியே போய், படம் சரியாக வராததால் மறுபடி உள்ளே வந்து, மறுபடி விடுதலையானான். மாத்திரைகளை ஒரு பெரிய பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையின் மேல், தெருக்கோடியிலிருந்தும் படிக்கலாம் என்கிற அளவு எழுத்தில், 'எச்.ஐ.வி. பராமரிப்பு: ரகசியம் காக்கப்படும்' என்று இருந்தது.

கரண்டி விருந்தினர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாபின் அருகே வந்தபோது நிமிராமலே பேசினான்.

"போடா. நல்லபடியா போய்ச் சேரு."

"எப்படியாச்சும் வருவேன்டா. எப்படியாச்சும் உனக்கு…"

"வாயை மூடு. குண்டூசி விழுந்திடும்."

தேநீர் கோப்பைக்கு வெளியே வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வார்டர் பாபினின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

வெளியில் பராமரிப்பு வெகு சிறப்பாக நடந்தது.

தினமும் காலையில் வேன் வந்தது. சந்து திரும்பும்போதே அதன் ஒலிபெருக்கி பாட்டுப் போட்டுவிட்டு, "ரகசியப் பராமரிப்பு ஊர்தி! தையல்காரர் வீட்டார் கவனத்துக்கு!" என்று கூவும். சாட்சி அம்மா இறங்கி, வாசலுக்கு வெளியே நின்று, அவன் விழுங்குவதைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போவார். முதல் வாரம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திருப்பி வாங்கிப் போனார்கள். அடுத்த வாரம் தைத்துக் கொடுத்த துணிகளையே கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர், தன் மாமியார் ஊரிலிருந்து வருவதாகவும் வீடு வேண்டும் என்றும் சொன்னார். மாமியார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மனைவி கொஞ்ச நாள் பொறுத்தாள்.

"உள்ள இருந்தப்ப ஜெயிலுக்காரன் பொண்டாட்டின்னாங்க. போங்கடான்னு தலை நிமிர்ந்துதான் நடந்தேன். இப்ப வேன் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிறேன்" என்றாள் ஒரு காலை, சாட்சி அம்மா போனதும். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எவகிட்ட போனீங்க? எப்படி வந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க. திட்டிட்டு உங்ககூடயே இருந்துடறேன்."

பாபின் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

"என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

அவன் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தான், மூடினான். அவள் புரிந்துகொண்டாள், அல்லது புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டாள். பெட்டி கட்டுவதற்கு அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

தெருமுனைவரை அவள் போவதைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்ததை எடுத்துத் துடைத்து, நூல்கண்டுப் பெட்டியில் வைத்தான். பெட்டி நிறைந்துகொண்டு வந்தது.

சிறைக்குப் போய்க் கரண்டியைப் பார்க்க மனுப் போட்டுக்கொண்டே இருந்தான். பதில் ஒன்றுதான்: விடுதலையானவர் ஆறு மாதத்துக்கு எந்தக் கைதியையும் சந்திக்கக் கூடாது; கெட்ட சகவாசம் நோயாளிக்கு ஆகாது.

ஆறு மாதம் கழிந்தபோது, கேட்காமலே அழைப்பு வந்தது. விருதுப் பணத்தில் பார்வையாளர் அறையின் பழைய கம்பி வலையைப் பிடுங்கிவிட்டு, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்திருக்கிறார்களாம். இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஒரு தொலைபேசி. மூச்சுக் காற்றுகூட உள்ளே போகாதாம். திறப்பு விழாவில் முன்மாதிரி நோயாளி மேடையில் ஒரு மாத்திரை விழுங்கிக் காட்ட வேண்டும்.

பாபின் வருவதாகச் சொல்லியனுப்பினான், ஒரே நிபந்தனையோடு. தண்ணீர் அந்தப் பழைய சிவப்பு டம்ளரில் வேண்டும். கரண்டி கையால் வேண்டும்.

"என்ன நன்றி உணர்ச்சி!" என்று கண்காணிப்பாளர் உருகிப்போனார்.

வாசலில் அவனைத் தலை முதல் கால்வரை தடவிச் சோதித்தார்கள். வாயைச் சோதிக்க மட்டும் எவனுக்கும் துணிவில்லை. "வாயை மூடிக்கிட்டே போப்பா" என்றான் வாசல் காவலன். இரண்டு கன்னங்களிலும், ஈறுகளுக்கு மேலும் கீழும், கரையாதிருக்க நூல் மெழுகு பூசி, வாய் கொண்டமட்டும் அடக்கியிருந்த பாபின் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

மேடையில் அதே ரொட்டி அம்மையார். பக்கத்தில் டாக்டர், ஒரு நாற்காலி தள்ளி. எதிரே வரிசை வரிசையாகக் கைதிகள். ஒவ்வொரு முகமாகத் தேடினான். சமையற்காரன் கடைசியாகத்தான் வருவான், டம்ளரோடு வருவான் என்று சொல்லிக்கொண்டான். கண்காணிப்பாளர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே! கடந்த ஆறு மாதத்தில் இந்தச் சிறையில் எச்.ஐ.வி.யால் ஒரு மரணம்கூட இல்லை!"

தொப்பி கழன்றது. கைதட்டல்.

"இறந்தவர்கள் உண்டு. மறைப்பது நம் வழக்கமல்ல. ஆனால் அவர்கள் எல்லோரும் வேறு காரணத்தைச் சொல்லித்தான் இறந்தார்கள். உதாரணத்துக்கு நம் சமையற்காரர். நமக்கெல்லாம் வயிறாரப் போட்டவர். கரண்டி என்று செல்லமாகக் கூப்பிடுவோம். நல்ல வாட்டசாட்டமாக இருந்தவர், திடீரென்று இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டார். நம் டாக்டர் அவரைத் தொடாமலே, பக்கத்தில்கூடப் போகாமலே, காரணத்தைக் கண்டுபிடித்தார். அடுப்புப் புகை! கரண்டி சாகும்வரை மாத்திரை மாத்திரை என்றே புலம்பிக்கொண்டிருந்தாராம். புகைக்கு ஏது மாத்திரை? ஆனாலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. உடனே புகைபோக்கிக்கு வெள்ளையடித்தோம்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"இப்போது நம் முன்மாதிரி நோயாளி விழுங்குவார்!"

யாரோ ஒரு புதுக் கைதி, கையுறை போட்டுக்கொண்டு, சிவப்பு டம்ளரைக் கொண்டுவந்து மேசைமேல் தூர வைத்துவிட்டு விலகினான். பாபின் டம்ளரை எடுத்தான். உள்ளே பார்த்தான். தண்ணீரைத் தரையில் ஊற்றினான். பிறகு, தைத்து முடித்தவன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவுவதுபோல, வாயிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து டம்ளருக்குள் போட்டான். டொக், டொக் என்று ஒலிவாங்கியில் கேட்டது. அம்மையார் இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து முன்னால் சாய்ந்து பார்த்தார்.

வாய் காலியானது.

"எல்லாம் நீங்க குடுத்ததுதான் சார்" என்றான். "இது வெளிய குடுத்தது. உள்ள குடுத்ததுலயும் ஒண்ணைக்கூட நான் முழுங்கல. அத்தனையும் இந்த டம்ளர்லதான் போச்சு. கரண்டிக்குப் போச்சு."

தொப்பி வார்டருக்கு வியர்த்துக் கொட்டியது. துடைப்பதற்காகத் தொப்பியைக் கழற்றினார். அறை அதிரக் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் ஆட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொப்பி மறுபடி தலைக்கு ஏறியபிறகுதான் ஓய்ந்தது.

டாக்டர் எழுந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பாபினின் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றார்.

"புளுகாதேடா! ஒரு மாத்திரைகூட முழுங்காம உன் ரத்தத்துல வைரஸ் எப்படிடா இல்லாம போகும்?"

"இருந்தாத்தானே சார் இல்லாம போகும்?"

பாபின் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டான்.

"அன்னிக்கு அந்தத் திரை ஓட்டைக்குள்ள நீட்டுன கை கரண்டியோடது. முட்டைக்கு முட்டையும் ஆச்சு, உனக்கு ஒத்தாசையும் ஆச்சுன்னு என் இடத்துல அவன் உட்கார்ந்தான். எனக்கு ஊசின்னா பயம் சார்."